வண்டி முதலில் சொல்லிவிடும்

அப்பாவின் கார் நடுவழியில் நின்றுபோன விஷயத்தை மகளுக்குப் போன் செய்து சொன்னது ஒரு லாரி டிரைவர். அப்பா தன் போனை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கிளம்பியிருந்தார். ரேடியேட்டரில் சொட்டுத் தண்ணீர் இல்லை. இன்ஜின் கொதித்து, புகை கிளம்பி, நல்ல வெயிலில் அவர் சாலையோரம் நின்றிருக்கிறார்.

அந்த வார இறுதியிலேயே அவள் அப்பாவின் ஊருக்குப் போய் கார் எலக்ட்ரீஷியனை வீட்டுக்கு வரவழைத்தாள். ஊரில் எல்லோரும் அவரை ஃபியூஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். ஸ்டீயரிங்குக்குக் கீழே படுத்துக்கொண்டு, தீப்பெட்டி அளவில் ஒரு கருவியைச் செருகி, கதவுப் பூட்டுக்கு ஒயர் இழுத்தார் ஃபியூஸ்.

"இதுக்குள்ள ஒரு சிம் கார்டு இருக்குக்கா. இன்ஜின் சூடு, பேட்டரி, வண்டி எங்க நிக்குது, எல்லாம் உங்க போனுக்கு வந்துடும். கதவைக்கூட அங்கிருந்தே பூட்டலாம்."

"இந்தக் கிழட்டு வண்டிக்கு எதுக்குய்யா இவ்வளவு ஜோடனை?" என்றார் அப்பா.

"வண்டி கிழடா இருந்தா என்ன சார், ஓட்டுறவர் இளவட்டம்தானே?"

"பாத்தியா பாப்பா, பில்லைப் போடறதுக்கு முன்னாடியே ஐஸ் வைக்கிறான்."

மூவரும் சிரித்தார்கள். நாற்பது தாண்டிய பிறகும் அப்பாவுக்கு அவள் பாப்பாதான்.

கருவி நன்றாகவே உழைத்தது. பேட்டரி இறங்குவதை இரண்டு நாள் முன்னதாகவே சொன்னது. ஒருமுறை அப்பா மார்க்கெட்டில் கதவைப் பூட்டாமல் போய்விட, அவள் அலுவலக நாற்காலியில் இருந்தபடியே பூட்டினாள். "பேய் பூட்டிடுச்சுடி!" என்று அவர் போனில் கத்தியதை மேசைக்கு மேசை சொல்லிச் சிரித்தாள். திரையில் ஒரு நீலப் புள்ளியாக அப்பா நகர்வதைப் பார்க்கும்போது, அம்மா போனதிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒரு பாரம் சற்று இறங்கியது. அந்த நிம்மதியை அவள் பாசம் என்றே எடுத்துக்கொண்டாள். பாசம் இல்லாமலும் இல்லை.

சாயங்காலம் ஆனால் அப்பா கூப்பிடுவார். அது அம்மா போன பிறகு வந்த வழக்கம். காரை எடுத்துக்கொண்டு எங்கேயாவது போவார். வந்து உட்கார்ந்ததும் மகளுக்குச் சொல்வார். அவர் நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்தவர். சாட்சிகள் சொன்னதை ஒரு எழுத்து கூட்டாமல் குறைக்காமல் அடித்தே ஆயுசில் பாதியைக் கழித்தவர். அந்தக் கடனையெல்லாம் சாயங்காலப் பேச்சில் தீர்த்துக்கொள்வது போல இருக்கும். பெட்ரோல் போடப் போனதைச் சொன்னால்கூட அதில் ஒரு சண்டை, ஒரு துரத்தல், கடைசியில் ஒரு சமாதானம் இருக்கும். அவள் அடுப்படியில் நின்று, போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு 'உம்' கொட்டுவாள்.

அன்று ஏரிக்கரைக் கதை. ஒருவர் தூண்டில் போட்டு மீனுக்குப் பதில் செருப்பைப் பிடித்திருக்கிறார். கரையில் நின்ற இன்னொருவர் அது தன்னுடையது என்று உரிமை கொண்டாடியிருக்கிறார்.

"ஒத்தச் செருப்புக்கா சண்டை?"

"கேளேன். இந்த ஆள் சொல்றான், 'உன்னோடதுன்னா இன்னொண்ணைக் காட்டு'ங்கறான். அவன் காலைத் தூக்கிக் காட்டறான், அதுல பூட்ஸு!"

அவள் சிரித்துக்கொண்டே போனை ஸ்பீக்கரில் போட்டு, கை போன போக்கில் கார்க் கருவியின் செயலியைத் திறந்தாள். நீலப் புள்ளி வீட்டு வாசலில் இருந்தது. முந்தின நாளிலிருந்து இன்ஜின் ஓடவே இல்லை.

"அப்பா! ஃபிராடு! வண்டி இன்னிக்கு வீட்டை விட்டே நகரல!"

கண்ணாமூச்சியில் ஒளிந்தவரைக் கண்டுபிடித்துவிட்ட குதூகலம்தான் அவள் குரலில் இருந்தது. வேறொன்றும் இல்லை. அப்பாவும் சிரித்தார்.

"மாட்டிக்கிட்டேனா? முட்டி கொஞ்சம் வீங்கியிருக்கு. சொன்னா நீ பதறுவே. அதான்..."

மறுநாளும் கூப்பிட்டார். "ஏரிக்கரை வரைக்கும் போயிட்டு வந்தேன். நீயும் பாத்திருப்பே."

"பாக்கலப்பா. யாரைப் பாத்தீங்க அங்க?"

"யாரும் இல்ல. ஆறு மணிக்குத் திரும்பிட்டேன்."

அதற்கடுத்த நாள் பெட்ரோல். எத்தனை லிட்டர் என்று சொன்னார். சண்டை ஏதும் இல்லை.

கோபமாக இருந்தால் சமாதானம் செய்திருக்கலாம். அவர் குரலில் கோபமே இல்லை. சொல்வதெல்லாம் சரியாக இருக்கவேண்டும் என்ற கவனம் மட்டும் இருந்தது. பழைய கதைகளை அவள் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். எத்தனை நாள் முட்டி வீங்கியிருந்ததோ, எத்தனை நாள் அந்தக் கார் வாசலிலேயே நின்றதோ. அவை பொய்யாக இருந்திருக்கலாம் என்பது அவளை உறுத்தவே இல்லை. வீட்டில் தனியாக உட்கார்ந்து, சாயங்காலம் அவளுக்குக் கொடுப்பதற்கென்று அவர் ஒரு முழு நாளையே கதையாகச் செய்திருக்கிறார். அவளோ அதை வாங்கிக்கொண்ட கையாலேயே விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டாள்.

மறுபடி ஊருக்குப் போய் ஃபியூஸை அழைத்தாள்.

"நல்லாத்தானேக்கா வேலை செய்யுது?"

"நல்லாத்தான் செய்யுது. கழட்டிடுங்க."

அப்பாதான் மறுத்தார். "எதுக்கு பாப்பா? இருந்துட்டுப் போகட்டும். வழியில நின்னுட்டா உனக்குத் தெரியவேணாமா?"

அவளுக்கும் பயம்தான். வெயிலில் அவர் நின்ற கோலம் இன்னமும் மனக்கண்ணில் இருந்தது. இருந்தும், "போனை மட்டும் மறக்காம எடுத்துட்டுப் போங்கப்பா, போதும்" என்றாள். ஃபியூஸ் கருவியைக் கழற்றி, ஒயரைச் சுருட்டி அவள் கையில் கொடுத்தார். தன் போனிலிருந்து செயலியையும் அப்பாவின் கண் முன்னாலேயே நீக்கினாள்.

அவள் வீடு திரும்பிய மறுநாள் சாயங்காலம் போன் வந்தது. அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"சொல்லுங்கப்பா. எங்க போனீங்க?"

"மார்க்கெட். வெங்காயம் வாங்கினேன். வந்துட்டேன்."

"அப்புறம்?"

"அவ்ளோதான்மா."

"யாராவது சண்டை கிண்டை போட்டாங்களா? இப்ப எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா. நீங்க சொன்னாதான் உண்டு."

"நிஜமாவே மார்க்கெட்தான் பாப்பா போனேன். வேணும்னா பக்கத்து வீட்டுக்காரரைக் கேளு. அவர் பாத்தாரு."

"நம்பறேன்ப்பா" என்றாள். அவள் கேட்டது சாட்சியை அல்ல, கதையை. ஆனால் அவளுக்குக் கொடுக்க அவரிடம் இப்போது சாட்சி ஒன்றுதான் இருந்தது.

"சரி, அப்ப வெச்சிடட்டுமா?" என்று கேட்டுவிட்டு, அவள் சரி என்று சொல்லும்வரை அப்பா காத்திருந்தார்.