ஆர்விலை ஊருக்கு அனுப்புவது எப்படி

1

இந்தக் கதையைத் தொடங்கியது நானில்லை, கீழ்வீட்டு பிர்தெ. காலையில் உருளைக்கிழங்கு உரித்தபடியே சொன்னாள்: "மோகென்ஸ், இன்னிக்கு மேடையில நீ கையைக் கொஞ்சம் தளர்த்தினா போதும். என் புருஷன் என்கூடவே இருப்பான்."

அதிலிருந்து உட்கார முடியவில்லை. நின்றுகொண்டே எழுதுகிறேன்.

2

'கோபன்ஹேகன் மழையில், தனிமையில் ஓர் அமெரிக்க டிரம்மர்...'

சீ! அடித்துவிட்டேன். ஆர்வில் டீஸ்டேலுக்கா தனிமை? பட்டாளத்திலிருந்து விட்டதும் சும்மா சுற்றிப்பார்க்க வந்தவன், பிர்தெயைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டான். அமெரிக்காவிலிருந்து எந்தப் பெரிய கை வந்து ஜாஸ் வாசித்தாலும் பின்னால் டிரம்ஸ் அவன், ஆளுயரத் தந்தி வாத்தியமான பாஸ் நான். பிறந்த ஊரான பிட்ஸ்பர்க்கில் மட்டும் அவனுக்கு "ஓடிப்போனவன்" என்று பேர். அது அவனை அரிக்கிறது.

3

(இதை அவனிடம் காட்டிவிடாதீர்கள்.) அவன் வலது மணிக்கட்டு போய்விட்டது. வேகமான பாட்டில் பாதித் தட்டுதான் தட்டுகிறான். மீதியை என் பாஸ் நிரப்புகிறது. கேட்பவர்களுக்குத் தெரியாது. நாங்களும் அதைப் பேசியதில்லை.

இன்று மதியக் கச்சேரிக்கு சாக்ஸபோன்காரர் ரூஃபஸ் டான்ட்ரிஜ் வந்திருக்கிறார். ஆர்விலைப் பிடித்துப்போனால் அமெரிக்கச் சுற்றுப்பயணத்துக்குக் கூட்டிப்போவார். முதல் ஊரே பிட்ஸ்பர்க்.

4

இந்த இடத்தில் துறைமுகத்தை வர்ணிக்க நினை... போன். ஆர்வில்தான்.

"டேய் நெட்டையா! ரூஃபஸ் எடுத்த எடுப்புலயே பேய் வேகத்துல போகப்போறானாம்."

"உன்னால முடியுமா?"

"என்னால எங்கடா முடியும்? அதான் நீ இருக்கியே."

அடப்பாவி, தெரிந்துதான் இருந்திருக்கிறான்!

"அங்க உன் பக்கத்துல பாஸ் யாரு ஆர்வில்?"



"யாரோ. எங்க ஆளுங்க முன்னாடி ஒரே ஒரு தடவை வாசிச்சாப் போதும்டா. அசிங்கப்பட்டாலும் பரவால்ல. நீ பாட்டுக்கு வாசி."

5

முடிவு ஒன்று: நான் நிரப்புகிறேன். அவன் போகிறான். பிட்ஸ்பர்க் மேடையில், முன்பின் தெரியாத பாஸ்காரன் பக்கத்தில், ஊரே பார்க்க அவன் கை... வேண்டாம்.

முடிவு இரண்டு: நான் விரலைத் தளர்த்துகிறேன். ரூஃபஸுக்கு விஷயம் தெரிந்துபோகும். ஆர்வில் திரும்பி என்னைப் பார்... ஐயோ, இதையும் என்னால் எழுத முடியவில்லை.

பிர்தெயைச் சாக்காக இழுத்தேன். உண்மையில் அவன் போகக்கூடாதென்று தவிப்பவன் நான்தான்.

வண்டி வந்துவிட்டது, பாஸை ஏற்ற வேண்டும். மேடையில் ரூஃபஸ் விரலைச் சொடுக்கி, "ஒண்ணு, ரெண்டு" என்பார். உங்களுக்கு ஏதாவது தோன்றினால் அதற்குள் சொல்லிவிடுங்கள்.