உயிர்காப்புக் கழகத்தின் போஷகர்

எங்கள் கழகத்துக்கு நாங்கள் முதலில் வைத்த பெயர் கருவுயிர் காப்புக் கழகம். பள்ளிக்கூட அதிபர் மங்கையர்க்கரசி டீச்சர் அந்தக் காகிதத்தைப் பார்த்ததும், மேலே பல்லி விழுந்தது போலக் கையை உதறினார்.

"கரு எண்டு நோட்டிஸ் போர்டிலயோ? தாய் தகப்பன்மார் வந்து போற இடம். அந்தச் சொல்லை எடு பிள்ளை."

"அதை எடுத்தா மிச்சம் என்ன டீச்சர் இருக்கு?"

"உயிர் இருக்குத்தானே. அது போதும்."

இப்படித்தான் 1969இல், திருகோணமலையில், பல்கலைக்கழகம் போவதற்கான ஏ.எல். சோதனை வகுப்பில் படித்த நானும் ஸல்ஹாவும் தொடங்கிய கழகம் வெறும் உயிர்காப்புக் கழகம் ஆனது. கழகத்துக்குத் துணைநிற்கும் புரவலராக, போஷகராக, அதிபரே பெயர் கொடுத்தார்.

எனக்கு அது விளையாட்டுக் காரியம் இல்லை. எங்கள் ஒழுங்கையில் குடியிருந்த ஓர் அக்கா, ஐந்தாவது பிள்ளை வேண்டாம் என்று புருஷன் சொன்னதற்காக எவளோ ஒருத்தியிடம் போய், பிள்ளையும் போய்த் தானும் போனார். செத்த வீட்டில் எல்லாரும் "கலைஞ்சு போச்சாம், கலைஞ்சு போச்சாம்" என்று குசுகுசுத்தார்கள். கலைவதற்கு அது என்ன மேகமா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஸல்ஹா கிண்ணியாக்காரி, நகரத்தில் மாமி வீட்டில் தங்கிப் படித்தவள். உயிர் எப்போது வருகிறது என்பதில் எனக்கும் அவளுக்கும் கடைசிவரை ஒத்துவரவில்லை. நாலாம் மாதம் என்பாள் அவள், முதல் நாளே என்பேன் நான். தாயையும் பிள்ளையையும் சேர்த்துக் காக்க வேண்டும் என்பதில் மட்டும் சண்டை வரவில்லை.

துறைமுகத்து ஊரில் உயிர்காப்பு என்றால் சனம் வேறென்ன நினைக்கும்? முதல் கிழமையே சல்லிக் கிராமத்தில் இருந்து யோகலிங்கம் என்ற மீன்பிடிகாரர் வந்து நின்றார். "கடல்ல விழுந்த ஆக்களைத் தூக்கப் பழக்கிறியளாமே. என்ர மகளையும் சேருங்கோ" என்றார். லொறி வைத்திருந்த ஆதம்பாவா முதலாளி இரண்டு டயர் டியூப்பை அன்பளிப்பாக அனுப்பிவிட்டார். நாங்கள் வெட்கத்தில் செத்தோம். அதிபருக்கோ வாயெல்லாம் பல். காலைக் கூட்டத்தில், "எங்கள் மாணவிகள் கடலில் தத்தளிப்போரைக் காக்கத் துணிந்துவிட்டார்கள்" என்று பேசினார். எங்களில் ஒருத்திக்கும் நீந்தத் தெரியாது. வியாழக்கிழமைகளில் அந்த டியூப்புகளைச் சுவரில் சாத்திவிட்டு, கருவைப் பற்றிக் கதைத்தோம்.

ஒரு கூட்டத்தையும் தவறவிடாதவள், யோகலிங்கத்தின் ஊரான சல்லியில் இருந்து வந்த புஷ்பவதி. வகுப்பில் முதலாம் பிள்ளை. ஒரு வியாழன் எல்லாரும் போனபிறகும் அவள் எழும்பவில்லை.

"இரத்தினேஸ், நான் முழுகாமல் இருக்கிறன்" என்றாள் என்னிடம்.

புல்மோட்டைக் கனிய மணல் ஆலையில் வேலை செய்த கதிரவேலுவுக்கும் அவளுக்கும் இருந்த சிநேகம் எனக்குத் தெரியும். இந்த அளவுக்கு என்று தெரியாது. நான் வாயைத் திறக்க முன்னமே அவள் சொன்னாள்: "எனக்குப் பிள்ளையும் வேணும், ஏ.எல். சோதனையும் வேணும். ரெண்டையும் விடமாட்டன்."

எங்கள் மடைத்தனத்தைப் பாருங்கள், போஷகர் உதவுவார் என்று நம்பினோம். புஷ்பவதியையும் அவளுடைய தாய் வள்ளியம்மாவையும் கூட்டிக்கொண்டு அதிபரின் அறைக்குப் போனோம். அவர் கதவைச் சாத்திவிட்டு, எங்களைப் பாராமல் வள்ளியம்மாவிடம் மெல்லச் சொன்னார்.

"கந்தளாய்ப் பக்கம் எனக்குத் தெரிஞ்ச ஒரு ஆள் இருக்கு. சனி ஞாயிறில போயிட்டு வந்தா, திங்கள் வகுப்புக்கு வரலாம். ஒருத்தருக்கும் தெரியவராது."

என் இரண்டு காதாலும் கேட்டேன். "டீச்சர்! நீங்கள் எங்கட போஷகர்!" என்று கத்திவிட்டேன்.

"கண்டறியாத போஷகர்! பள்ளிக்கூடத்தின்ர மானம் கப்பலேறினா நீயோ பதில் சொல்லுவாய்? கழகத்தில கதைக்கிறது வேற, இது வேற."

"நான் போகமாட்டன் டீச்சர்" என்றாள் புஷ்பவதி.

"அப்ப பள்ளிக்கூடத்தில உன்ர பேரை வெட்டுவன்."

வெட்டினார். அன்றைக்கே வெட்டினார். சீ, ஒரு நாள் பொறுக்கவில்லை அந்த மனுஷி.

கதிரவேலுவைச் சும்மா சொல்லக்கூடாது. சேதி போனவுடன் பஸ் பிடித்து வந்து கலியாணத்தைப் பதிவு செய்தான். பெண்பிள்ளை பிறந்தது. நானும் ஸல்ஹாவும் வகுப்புக் குறிப்புகளைக் கொப்பியில் எழுதிச் சல்லிக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவந்தோம். குறிப்பு இருந்து என்ன? பள்ளிக்கூடத்தில் பெயர் இல்லாமல் சோதனை எழுத முடியாது. கழகத்துப் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்துபோய்க் கேட்டோம். "கலியாணம் கட்டினவளுக்குப் பள்ளிக்கூடம் என்னத்துக்கு?" என்று அதிபர் எங்களைத் துரத்திவிட்டார்.

பிறகு பரிசளிப்பு விழா வந்தது. பிரதம விருந்தினர், கொழும்பில் ஆதரவற்ற தாய்மாருக்கும் சிசுக்களுக்கும் இல்லம் நடத்தும் ஒரு பெரிய அம்மா. எங்கள் கழகம் உண்மையில் எதற்கானது என்று எப்படியோ அறிந்து, பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தார். அதிபர் என்னைக் கூப்பிட்டார். குரலில் தேன் ஒழுகியது.

"அந்தப் பிள்ளை புஷ்பவதியைக் கூட்டிக்கொண்டு வா. கைக்குழந்தையோட. எங்கட கழகம் காப்பாத்தின பிள்ளை எண்டு மேடையில காட்டுவம்."

அந்த மேசையைப் புரட்டிப்போட வேண்டும் போல இருந்தது எனக்கு. எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்கிறார்! சல்லிக்குப் போய்க் கொதித்துக் கொதித்துச் சொன்னேன். புஷ்பவதி காறித் துப்புவாள் என்று பார்த்தால், பிள்ளைக்குப் பால் கொடுத்தபடி, "ஓம், வாறன்" என்றாள்.

விழா மண்டபம் நிறைந்த சனம். அதிபர் மைக்குக்கு முன்னால் நின்று, "எமது கழகம் காத்த செல்வம் இதோ!" என்று முழங்கினார். கைதட்டல் ஓயமுன்னமே பிள்ளையைத் தூக்க இரண்டு கையையும் நீட்டினார். புஷ்பவதி பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"பிள்ளையைப் பிறகு தூக்கலாம் டீச்சர். நீங்கள் வெட்டின என்ர பேரை எப்ப திரும்பப் போடுவியள்?"

மைக்கில் விழுந்து மண்டபம் முழுக்கக் கேட்டது. விருந்தினர் அம்மா உட்கார்ந்திருந்த கதிரையின் நுனிக்கு வந்து, "என்ன பேர்? ஏன் வெட்டினது?" என்றார். அதிபர் சிரித்த முகம் மாறாமல் மைக்கைக் கையால் பொத்தினார்.

"நாளைக்கு வா பிள்ளை. போடுறன்."

"கையை எடுங்கோ டீச்சர்" என்றாள் புஷ்பவதி. "அதை மைக்கில சொல்லுங்கோ."