ஆங்கிலத்தில் ஒரு சண்டை

இஸ்தான்புல் மாநாட்டுக்குப் போகப்போவதில்லை என்று வகுப்பு தொடங்கும் முன்பே ஸுலைக்கா வந்து ஆசிரியை வசீலாவிடம் சொன்னாள். பாலைவன ஊரான பிஸ்க்ராவைச் சுற்றியுள்ள தோப்புகளில் பேரீச்சை மரங்கள் ஏன் பட்டுப்போகின்றன என்று வருஷக்கணக்காக மண்ணைத் தோண்டிப் பார்த்துக்கொண்டிருப்பவள். பேச அழைப்பு வந்திருந்தது. எழுதி வைத்ததைப் படித்துவிடலாம். படித்து முடித்ததும் யாராவது எழுந்து கேள்வி கேட்டால்?

“அரபியில கேட்டா வாயடைச்சு அனுப்புவேன். பிரெஞ்சுல கேட்டாலும் விடமாட்டேன். இங்கிலீஷ்ல கேட்டா என் நாக்கு போய்ப் படுத்துக்குது, மேடம்.”

வசீலாவுக்கு அது தன் தோல்வி என்று பட்டது. முனைவர் பட்ட மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் வேலையை அவள் எடுத்துக்கொண்டு ஒரு பருவம் முடியப்போகிறது. நிலத்தடி நீர், ஒட்டக நோய்கள், கணிதம், சட்டம் என்று ஆளுக்கொரு துறை. பாதிப்பேர் அவளைவிட மூத்தவர்கள். பாடப்புத்தகத்தில் ஒருவர் ஹோட்டலில் அறை கேட்பார், இன்னொருவர் குடை வாங்குவார். மழையையே மறந்துவிட்ட ஊரில், நரை விழுந்த ஒட்டக மருத்துவர் குடையின் விலையைப் பணிவாக விசாரித்துவிட்டு உட்காருவார். அதற்குமேல் ஒருவர் வாயிலிருந்தும் ஒரு சொல் வராது.

அன்றும் குடையோடு முதல் பாதி முடிந்தது. இடைவேளையில் வராந்தாவிலிருந்து பெரும் சத்தம். வசீலா எட்டிப் பார்த்தாள். காப்பிக் கோப்பையும் கையுமாக மொத்த வகுப்பும் வட்டம் கட்டி நிற்க, நடுவில் ஸுலைக்காவும் நிலவியல் துறை திஜானியும். தண்ணீர் வேண்டுமென்றால் இன்னும் ஆழமாகக் கிணறு போட்டால் போதும் என்பது அவன் கட்சி.

“தோட்டக்காரம்மா, உன் மரம் தண்ணி இல்லாம சாவுது. நான் தண்ணி தரேன்கிறேன். அதுக்கும் திட்டுறியே.”

“நீ தர்றது தண்ணியா? உப்பு. ஊரெல்லாம் ஓட்டை போட்டதே உன்னை மாதிரி ஆளுங்கதான்.”

கணிதக்காரர் அவள் பக்கம், ஒட்டக மருத்துவர் அவன் பக்கம். வாயே திறக்காதவர்கள் என்று வசீலா நினைத்திருந்த அத்தனை பேரும் கத்திக்கொண்டிருந்தார்கள். வசீலா நடுவே போய் நின்றாள்.

“சண்டை நல்லா இருக்கு. உள்ள வந்து போடுங்க. இங்கிலீஷ்ல.”

சிரித்துக்கொண்டே வந்தார்கள். வந்ததும் பழைய அமைதி. திஜானிதான் எழுந்து, தட்டுத் தடுமாறி ஆங்கிலத்தில் ஆரம்பித்தான்.

“நான் கிணறு. ஆழம், நல்லது. அவள் அழுகை, மரத்துக்கு.”

“அழுகை இல்லை!” ஸுலைக்கா துள்ளி எழுந்தாள். அதுவும் ஆங்கிலம்தான். “நீ ஆழம் போறாய், உப்பு மேலே வருது. வேர் குடிக்குது. மரம் முடிஞ்சது.”

வினைச்சொற்கள் காலம் தெரியாமல் அலைந்தன. திருத்தத் துடித்த வாயை வசீலா இறுக்கி மூடிக்கொண்டாள். சொல் கிடைக்காதபோது ஸுலைக்கா கைகளை விரித்து வேரானாள், தலையைத் தொங்கப்போட்டுப் பட்ட மரமானாள். கணிதக்காரர் மேசையைத் தட்டி ரசித்தார். அப்போது திஜானி, தோற்கப்போகிறவனின் பிடிவாதத்தோடு கேட்டான்: மரத்தைக் கொல்வது உப்புதான், நோய் இல்லை என்று உனக்கு எப்படித் தெரியும்?

இஸ்தான்புல்லில் எவனாவது எழுந்து கேட்கப்போகும் கேள்வி அதுதான். ஸுலைக்கா ஒரு நொடிகூட நிற்கவில்லை. நோய் ஒரு ஓலையில் தொடங்கும் என்றாள். உப்பு எல்லா ஓலையையும் நுனியிலிருந்து கருக்கும் என்றாள். நான் வெட்டினேன், பார்த்தேன், நூறு மரம், நீ எத்தனை மரம் பார்த்தாய் என்றாள். எல்லாம் உடைந்த ஆங்கிலத்தில், ஆனால் ஒரு சொல்லும் வேறு மொழியில் இல்லாமல். தன் நாக்கு எழுந்து நடமாடுவதை அவள் கவனித்ததாகவே தெரியவில்லை. வசீலாவும் சொல்லவில்லை.

திஜானி பலகைக்குப் போய்க் கிணறு ஒன்றை வரைந்தான். ஸுலைக்கா சுண்ணக்கட்டியைப் பிடுங்கி அதன் அருகே ஒரு மரம் வரைந்து, வேரைக் கீழே, இன்னும் கீழே என்று இழுத்துக்கொண்டே போனாள். அடுத்த வகுப்புக்காரர்கள் வாசலில் வந்து குவிந்திருந்தார்கள். பலகை முடிந்துவிட்டது. அவள் குந்தி உட்கார்ந்து, சுவரில் வரையத் தொடங்கினாள்.