தோல் டாக்டரின் பெஞ்சு

1

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை பிறந்தது ஒரு சாயா கிளாஸில். 1979, கொச்சியில் மட்டாஞ்சேரி படகுத்துறை, இசக்கிமுத்துவின் கடை. அவன் மனைவி அங்கம்மாள் நீட்டிய கிளாஸை வாங்கினேன். "அய்யோ!" என்று கீழே போட்டேன். அவளோ சிரித்தாள்.

"எனக்குச் சுடாது சாரே. கை மரத்துப் போச்சு."

அந்தக் கையில் வெளுத்த தேமல். தொழுநோயோ என்று பயந்தேன்.

2

(முதலில் எழுதிய தொடக்கம்: 'மிளகு மணக்கும் மட்டாஞ்சேரித் தெருக்களில், ஒரு மாலை...' சீ! அவளுக்கு விரல் மடங்கப் போகிறது, எழுதுகிறவனுக்கு மிளகு மணக்கிறதாம். அடித்துவிட்டேன்.)

3

கதையில் அவளைப் படகேற்றி எர்ணாகுளம் அனுப்பினேன். அங்கே ஒரு கட்டட மாடியில் எதிரெதிரே இரண்டு கதவுகள். ஒன்றில் கண் டாக்டர். மற்றதன் பலகையில் 'தோல், பால்வினை நோய்'. அங்கம்மாள் விறுவிறுவென்று போய்க் கண் டாக்டரின் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"கைக்குக் கண் டாக்டர் என்னம்மா செய்வார்?" என்றேன், பேனாவை வைத்துவிட்டு.

"அந்தப் பலகைக்குக் கீழ இருக்கச் சொல்லுதீயளா? நம்ம பக்கத்து ஆளு ஒருத்தன் பாத்தாப் போதும். பெறகு எங்க கடையில எவன் சாயா குடிப்பான்?"

"இப்பவே மருந்து தொடங்கினா விரல் தப்பும். யாருக்கும் ஒட்டவும் ஒட்டாது."

"அத ஊருக்குள்ள போய்ச் சொல்லுங்க. விரல் போனா எனக்கு. கடை போனா எம் புள்ளையளுக்கு."

எனக்குக் கோபம் வந்தது. அவள் மேல் இல்லை.

4

முடிவு ஒன்று: பயந்துபோய்ப் படியிறங்கி, திரும்பவும் படகில்... (வேண்டாம். மனசு கேட்கவில்லை.)

முடிவு இரண்டு: மரத்துப்போனதற்கு நரம்பு டாக்டர். அவர் பலகையில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அவரும் சோதித்துவிட்டு இந்தத் தோல் டாக்டர் கதவுக்குத்தான் அனுப்புவார்.*

5

எழுந்துவிட்டாள்! நான் எழுதவில்லை, அவளே எழுந்தாள். முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு எதிர்க்கதவைத் திறக்கிறாள்.

உள்ளே பெஞ்சில் ஓர் இடம் காலி. பக்கத்தில் நீங்கள். (உங்களுக்கு என்ன நோய் என்று நான் கேட்கவில்லை.) நீங்களும் மட்டாஞ்சேரிதான், தினமும் அவள் கடையில் குடிக்கிறவர். அவள் உங்களைப் பார்த்துவிட்டாள். கதவிலேயே நிற்கிறாள்.

நகர்ந்து இடம் விடுவீர்களா? நாளைக் காலையில் கடைக்கு வந்து, அவள் கையிலிருந்து சாயா வாங்குவீர்களா?

சீக்கிரம் சொல்லுங்கள். அவள் திரும்பிப் போகப் பார்க்கிறாள்.

---
* அதற்குள் எத்தனை விரல் மடங்குமோ, எனக்குத் தெரியாது.