இருநூறு மீற்றர் மேற்கே

பள்ளிக்கூடம் பச்சையில் இருந்தது. அதை நம்பித்தான் மெரிவேல் தோட்டத்து மேல் டிவிஷன் ஆட்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகலாம் என்று அனுஷியா எழுதி அனுப்பினாள்.

அவள் வேலை செய்தது றக்வானை பஸாரில் ஒரு ஹார்ட்வெயார் கடையின் மேல்மாடியில் இயங்கிய சின்ன நிவாரண அமைப்பில். அதை நடத்தியவர் முக்தார். கீழே இருந்த கடையும் அவருடையதுதான். சுற்றியுள்ள தோட்டங்களின் மண்சரிவு வரைபடங்களைக் கணினியில் தயாரிப்பது அனுஷியாவின் பொறுப்பு. மண் இறங்கக்கூடிய சரிவு சிவப்பு, ஆட்கள் தங்கக்கூடிய இடம் பச்சை. மழை விடாமல் பிடித்துக்கொண்டால் அந்த வரைபடம் வட்ஸ்அப்பில் தோட்டத்துக்குப் போகும். அதைப் பார்த்துத்தான் தொழிலாளர் குடியிருப்பான லயங்களிலிருந்து ஆட்களை எங்கே கூட்டிப்போவது என்று முடிவெடுப்பார்கள்.

அந்த வாரம் மழை விடவேயில்லை. அவளுடைய பழைய கணினி ஈரத்தில் செத்துப்போனதால், முக்தார் கடைக் கணக்குக்கு வைத்திருந்த மடிக்கணினியில் மென்பொருளைப் புதிதாகப் போட்டு, பழைய பைல்களை அதில் திறந்து, காலையிலேயே மூன்று தோட்டங்களுக்கு வரைபடம் செய்து அனுப்பியிருந்தாள். அதில் முதலாவது மெரிவேல்.

மதியச் சாப்பாட்டுப் பார்சலைப் பிரிக்கும்போது பிரதாப் போனில் அழைத்தான். அவன் மெரிவேல் தோட்டத்தின் வெல்பெயார் ஒப்பீசர்.

“மிஸ், எல்லாரையும் ஸ்கூலுக்குக் கொண்டாந்தாச்சு. புள்ளைங்க, வயசானவங்க, ஒருத்தர் விடாம வந்துட்டாங்க. வர்ற ரோட்டுல ஒரு பெரிய மரம் சாஞ்சு கெடக்குது. அதுக்கிட்ட நின்னு லொகேஷன் போடுறேன். மெப்புல குறிச்சுருங்க. சாப்பாட்டு வேன் அந்தப் பக்கம் வந்தா மாட்டிக்கும்.”

“போடுங்கண்ணே, இப்பவே குறிச்சுர்றேன்.”

லொகேஷன் வந்தது. அனுஷியா ஒரு கையால் சோற்றுப் பார்சலை மூடிவிட்டு, மறு கையால் புள்ளியை வரைபடத்தில் இட்டாள். அது ரோட்டில் விழவில்லை. ரோட்டுக்குக் கிழக்கே, தேயிலை மலையின் நடுவில் போய் உட்கார்ந்தது.

மழைக்காலத்தில் போன்கள் இப்படித்தான் கொஞ்சம் பிசகும் என்று நினைத்துக்கொண்டு புள்ளியை இழுத்து ரோட்டில் வைக்கப் போனாள். அதற்குள் இன்னொரு லொகேஷன் வந்தது. பாலத்துக்கு மேலால் தண்ணீர் போகிறது, அதையும் குறிக்கச் சொல்லி. இது பிரதாப்பின் போனிலிருந்து வந்ததல்ல. சாப்பாட்டு வேனோடு வந்த வேறொருவர் அனுப்பியது.

அந்தப் பாலமும் அது கடக்கும் ஆறான ஓயாவில் விழவில்லை. ஓயாவுக்குக் கிழக்கே விழுந்தது.

அனுஷியா இரண்டு புள்ளிகளிலிருந்தும் அளந்து பார்த்தாள். இரண்டும் ஒரே பக்கம், ஏறக்குறைய ஒரே தூரம். போன் பிசகினால் ஒன்று இந்தப் பக்கம் போகும், மற்றது அந்தப் பக்கம் போகும். இரண்டு போன்களும் பேசி வைத்துக்கொண்டு ஒரே பக்கம் பிசகாது.

அவள் திரையில் பள்ளிக்கூடத்தைத் தேடினாள். ரோட்டிலிருந்து தள்ளி, தனியாக, தேயிலைக்குள் நின்றது. போன வருடம் அந்தப் பள்ளிக்கூடத்தையும் லயங்களையும் பழைய தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரையும் தன் போனோடு நடந்து நடந்து குறித்தவள் அவள்தான். பள்ளிக்கூட வாசலில் கால் வைத்தால் அடுத்த கால் ரோட்டில் படும். இடைவேளையில் பிள்ளைகள் ரோட்டுக்கு ஓடிவிடுகிறார்கள் என்று டீச்சர் குறைப்பட்டது கூட அவளுக்கு நினைவு இருந்தது.

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

“நானா, கொஞ்சம் மேல வாங்க!” என்று படிக்கட்டில் நின்று கத்தினாள்.

முக்தார் ஈரக் கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு வந்தார். அவள் திரையைக் காட்டினாள்.

“ரோடும் ஓயாவும் சிவப்பும் ஒரே பழைய பைல்ல இருந்து வந்தது நானா. லயமும் ஸ்கூலும் நான் போன்ல எடுத்தது. ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பொருந்தல. ரோடு மேற்கே தள்ளி நிக்குதுன்னா, சிவப்பும் தள்ளித்தான் நிக்குது.”

“தள்ளி எண்டா? எவ்வளவு?”

“இருநூறு மீற்றருக்கு மேல.”

முக்தார் குனிந்து பார்த்தார். திரையில் சிவப்பு, லயங்களை மூடிக்கொண்டு மேற்கே பழைய தேயிலை ஸ்டோர் வரைக்கும் பரவியிருந்தது. பள்ளிக்கூடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிட்டது.

“அப்ப ஸ்கூல்…” என்றார்.

அனுஷியா போனை எடுத்தாள். முக்தார் அவள் கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தார்.

“பொறுங்க தங்கச்சி. ஸ்கூல்ல இருந்து எழுப்பினா எங்க போகச் சொல்லுவீங்க? இந்த மெப் பிழை எண்டா இதுல இருக்கிற பச்சையும் பிழைதானே. மழைக்குள்ள சனத்த வெளிய எடுத்துட்டு, பொறகு நடு ரோட்டுல நிக்க வைக்க ஏலாது. எந்தப் பக்கம் சரியெண்டு முதல்ல பாருங்க.”

அவர் சொன்னது நியாயம். ஆனால் ஒவ்வொரு நிமிடமும் அந்தப் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. பிரதாப்புக்கு ஒரே ஒரு வரி அனுப்பினாள்: “யாரையும் தூங்க விட வேண்டாம். எல்லாரும் செருப்போட ரெடியா இருக்கட்டும். இப்ப கோல் எடுக்கிறேன்.”

பிறகு உட்கார்ந்தாள்.

முதலில் பதற்றத்தில் செய்யக்கூடாததைச் செய்தாள். வரைபடத்தின் சிவப்பு லேயரை வேறு ஆள்கூற்று முறைக்கு, அதாவது இடங்களை எண்களில் குறிக்கும் வேறொரு கணக்குக்கு, மாற்றிப் புதுப் பைலாகச் சேமிக்கச் சொன்னாள். மென்பொருள் கொஞ்ச நேரம் உறைந்து நின்றது. முக்தார் பின்னால் நின்று முணுமுணுவென்று ஓதிக்கொண்டிருந்தார். கரண்ட் போய் வந்தது. மென்பொருள் மீண்டும் அசைந்தபோது சிவப்பு அதே இடத்திலேயே இருந்தது.

“மாறல்லையே” என்றார் முக்தார்.

“மாறாது நானா. நான் மடச்சி.”

அவளுக்கு அப்போதுதான் புத்தி தெளிந்தது. பிழையான இடத்திலிருந்து கிளம்பினால் எத்தனை முறை மாற்றினாலும் பிழையான இடத்துக்குத்தான் போய்ச் சேரும். பழைய நில அளவைத் தாள்கள் பூமியை ஒரு கணக்கில் வைத்து அளந்தவை. போனில் வரும் இருப்பிடம் வேறு கணக்கு. ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகும்போது இடையில் ஒரு திருத்தத்தைச் சேர்க்க வேண்டும். பழைய கணினியில் அந்தத் திருத்தத்தை அவள் எப்போதோ கொடுத்து வைத்திருந்தாள், அது தானாகவே நடந்தது. புதிதாகப் போட்ட மென்பொருளுக்கு அது தெரியாது. காலையில் பைலைத் திறந்தபோது திரையின் மேலே ஒரு மஞ்சள் பட்டை வந்தது. சரியான மாற்றம் கிடைக்கவில்லை, உத்தேசமாகப் பொருத்தியிருக்கிறேன் என்று அது சொன்னது. தினமும் வரும் பத்து அறிவிப்புகளில் ஒன்று என்று நினைத்து அவள் அதை மூடிவிட்டிருந்தாள்.

சேமித்த புதுப் பைலைத் தூக்கி எறிந்தாள். மூலப் பைலைத் திறந்தாள். லேயரின் அமைப்புக்குள் போய், அது எந்தக் கணக்கில் அளக்கப்பட்டது என்பதைப் பட்டியலில் தேடினாள். ஒரே பெயரில் பழையதும் புதியதுமாக இரண்டு இருந்தன. அவசரத்தில் புதியதை அழுத்திவிட்டாள். சிவப்பு திரையை விட்டே காணாமல் போனது. தீவுக்கு வெளியே கடலில் எங்கோ போய் விழுந்திருந்தது. திரும்பி வந்து பழையதைத் தேர்ந்தாள். எந்தத் திருத்தத்தைப் பயன்படுத்துவது என்று மென்பொருள் இம்முறை கேட்டது. அவள் ஒவ்வொரு வரியாக வாசித்துத் தேர்ந்து, சரி என்று அழுத்தினாள்.

எல்லாம் ஒரே அசைவில் கிழக்கே நகர்ந்தன. ரோடு வந்து பள்ளிக்கூட வாசலைத் தொட்டது. பிரதாப் அனுப்பிய மரம் ரோட்டில் கிடந்தது. பாலம் ஓயாவின் மேல் நின்றது.

பள்ளிக்கூடம் சிவப்புக்குள் இருந்தது. ஓரத்தில் அல்ல, நன்றாக உள்ளே.

லயங்கள் முன்பும் சிவப்பில்தான் இருந்தன, இப்போதும் அப்படியே. ஆனால் மேற்கே முகட்டில் இருந்த ஸ்டோர் சிவப்பை விட்டு முழுவதுமாக வெளியே வந்திருந்தது.

“ரோட்டால போகப்படாது” என்றார் முக்தார், விரலை வைத்து. “அது லயத்துக்குக் கீழாலதானே போகுது.”

“ஆமா. கோயில் பக்கமா சுத்தி ஒரு கொழுந்துப் பாதை இருக்கு. நான் நடந்திருக்கேன். ஏத்தம்தான், ஆனா சிவப்புக்கு வெளிய.”

போன் மணி அடிக்க முன்னமே பிரதாப் எடுத்துவிட்டான்.

“அண்ணே, ஸ்கூல்ல இருக்க வேணாம். எல்லாரையும் இப்பவே ஸ்டோருக்குக் கூட்டிட்டுப் போங்க.”



“என்ன மிஸ் சொல்றீங்க? காலைல ஸ்டோரு சிவப்புன்னு நீங்கதானே அனுப்பினீங்க? அத வச்சுத்தானே ஸ்டோரத் தெறக்க வேணாம்னு தொரைகிட்ட சொன்னேன்!”

“நான் அனுப்பின மெப் பிழை. என்னோட பிழை. ஸ்கூல்தான் சிவப்புல இருக்கு.”

“இப்ப அனுப்புறது சரின்னு எப்படி நம்புறது?”

கோபம் அல்ல அது. உண்மையாகவே கேட்டான்.

“நீங்க அனுப்பின மரமும், வேன்ல வந்தவர் அனுப்பின பாலமும் காலைல போட்ட மெப்புல எடம் மாறி விழுந்துச்சு. இப்ப மரம் ரோட்டுல இருக்கு, பாலம் ஓயாவுல இருக்கு. ஸ்கூல் வாசல் ரோட்டத் தொட்டுட்டு இருக்கு. இருக்குற மாதிரியே இருக்கு அண்ணே. அதனாலதான் சொல்றேன்.”

“சனம் வராது மிஸ். இப்பதான் பிளேன்டீ ஊத்துறாங்க. காலைல இருந்து நனைஞ்சு போய் ஒக்காந்திருக்காங்க.”

“ஸ்பீக்கர்ல போடுங்க. நான் பேசுறேன்.”

அந்தக் கூடத்தின் இரைச்சல் போனுக்குள் வந்தது. குழந்தைகள், பாத்திரங்கள், தகரக் கூரையில் மழை. என்ன பேசுவது என்று அவள் யோசித்து வைத்திருக்கவில்லை.

“நான் றக்வானையில இருந்து அனுஷியா பேசுறேங்க. போன வருஷம் மெப் போட ஒங்க லயத்துக்கு வந்தவ. ஒங்கள ஸ்கூலுக்கு வரச் சொன்னது நான்தான். அது தப்பு. அந்த எடத்துக்கு மேல இருக்குற மலைதான் எறங்குறதுக்கு வாய்ப்பு உள்ள மலை. தயவுசெஞ்சு எதையும் கட்ட வேணாம், புள்ளைங்களத் தூக்கிக்கிட்டு கோயில் பாதையால ஸ்டோருக்குப் போயிருங்க. ரோட்டால போகாதீங்க.”

“எத்தன தடவ எங்கள அங்கயும் இங்கயும் இழுப்பீங்க?” என்று ஒரு பெண்ணின் குரல் கேட்டது. “காலைல ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு!”

“இன்னும் ஒரு தடவதான் அக்கா. ஏசணும்னா ஸ்டோருக்குப் போய் ஏசுங்க. நான் வந்து கேட்டுக்கிறேன்.”

யாரோ சிரித்தார்கள். பெஞ்சுகள் நகரும் சத்தம் கேட்டது. பிறகு லைன் அறுந்துவிட்டது. திரும்பத் திரும்ப எடுத்தும் கிடைக்கவில்லை.

முக்தார் தோட்டத்தை நிர்வகிக்கும் துரைக்கு அழைத்து, ஸ்டோரைத் திறக்கச் சொல்லிச் சிங்களத்தில் மன்றாடிக்கொண்டிருந்தார். “ஐயோ ஐயா” என்று பொருள்படும் “அனே மஹத்தயா”வை அவர் ஐந்தாறு தடவை சொன்னது அனுஷியாவின் காதில் விழுந்தது. அவளுக்கோ வேறொன்று உறைத்தது. காலையில் போனது ஒரு வரைபடம் அல்ல, மூன்று. மற்ற இரண்டும் அதே மடிக்கணினியில் அதே பிழையோடுதான் பிறந்தவை.

அவள் அழவில்லை, அதற்கு நேரமில்லை. இரண்டு தோட்டங்களுக்கும் உடனே அழைத்து முதல் படத்தை அழிக்கச் சொன்னாள். ஒவ்வொன்றாகத் திறந்து திருத்தி, ரோட்டில் இருக்கும் ஒரு பாலத்தையாவது போன் புள்ளியோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அனுப்பினாள். ஒன்றில் யாரும் இன்னும் லயத்தை விட்டு நகரவில்லை. மற்றதில் நகர்ந்த இடம் தற்செயலாகச் சரியாக இருந்தது.

வெளிச்சம் மங்கும் முன் பிரதாப் அழைத்தான். அவனுக்கு மூச்சு வாங்கியது.

“மிஸ்… ஸ்டோருலதான் நிக்கிறோம். மலை எறங்கிருச்சு. ஸ்கூல் பின்பக்கம் ரெண்டு வகுப்பும் மண்ணு. கூரைதான் தெரியுது.”

“ஆட்கள்?”

“எல்லாரும் இருக்காங்க. ரெண்டு தடவ எண்ணிட்டேன். அன்னலட்சுமியக்கா கோயில் ஏத்தத்துல வழுக்கி விழுந்து கால் ஒடைஞ்சிருச்சு. மத்தபடி எல்லாரும் இருக்காங்க.”

அனுஷியா போனை முக்தாரிடம் கொடுத்துவிட்டு ஜன்னலருகே போனாள். கீழே பஸாரில் ஒரு முச்சக்கர வண்டி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனது.

ரோடு திறந்த பிறகு அவள் மெரிவேலுக்குப் போனாள். ஸ்டோருக்குள் பழைய தேயிலைத் தூளின் வாசனையோடு ஈரத் துணி வாசனையும் கலந்திருந்தது. அன்னலட்சுமி ஆஸ்பத்திரியிலிருந்து மாவுக்கட்டோடு வந்து ஒரு பாயில் சுவரோடு சாய்ந்திருந்தாள். கொழுந்து எடுக்கப் போகிற பெண். இனி மாதக்கணக்கில் அவளால் மலை ஏற முடியாது.

“நீதானா அந்தப் புள்ள?” என்றாள்.

“ஆமாக்கா.”

“போன்ல கத்துனது நான்தான்.”

“தெரியும். ஏசலாம்னு சொன்னேனே.”

அன்னலட்சுமி சிரிக்கவில்லை. “காலைலயே ஒழுங்கா சொல்லியிருந்தா வெயிலு இருக்கும்போதே ரோட்டால நடந்து வந்திருப்போம். எனக்குக் காலு இருந்திருக்கும்.”

அன்று வெயிலே இல்லை. அதை அனுஷியா சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த ஒரு தாய், “சும்மா இருங்கக்கா, அந்தப் புள்ள சொல்லலன்னா நாம எல்லாம் மண்ணுக்குள்ள” என்றாள்.

“அதுவும் தெரியும்டி. ரெண்டுந்தான் உண்மை” என்றாள் அன்னலட்சுமி.

அனுஷியா தலையாட்டினாள். பாயின் ஓரத்தில் உட்கார்ந்து, ஆஸ்பத்திரிக்கு அடுத்து எப்போது போக வேண்டும், யார் கூட்டிப்போவார்கள் என்று விசாரித்தாள். யாரும் இல்லை என்றதும், முக்தார் நானாவின் வேனில் தானே வந்து கூட்டிப்போவதாகச் சொன்னாள்.

“இந்தத் தடவையாவது சரியான எடத்துக்கு வந்து சேரு” என்றாள் அன்னலட்சுமி, காலை மெதுவாக நீட்டி வைத்துக்கொண்டே.