உம்மணாமூஞ்சியின் வியாபாரம்

பழைய சாமான் கடைக்காரருக்குச் சந்தையில் உம்மணாமூஞ்சி என்று பெயர். அவர் காதுபடவே சொல்வார்கள், அவருக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான். சாமான் விற்கிற வீட்டில் எவ்வளவு அருமையான அலமாரி நின்றாலும் செத்த எலியைப் பார்த்த மாதிரி முகத்தைச் சுளிப்பார். கதவைத் திறப்பார், மூடுவார், "கிடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வாசலைப் பார்த்து நடப்பார். வாசலைத் தாண்டுவதற்குள் பின்னாலிருந்து குரல் வந்துவிடும். "அட, இருங்க, என்ன தருவீங்கன்னு சொல்லிட்டுப் போங்க." அந்தக் குரலை நம்பித்தான் அவர் குடும்பம் இத்தனை காலம் சாப்பிட்டது.

அவருக்கு ஒரே மகள். அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் மக்கு என்று பெயர். பரீட்சையில் கோட்டை விட்டாள், மறுபடி எழுதினாள், மறுபடியும் கோட்டை விட்டாள். ஒருவழியாகத் தட்டுத் தடுமாறித் தேறியபோது, அந்த மார்க்கை வெளியே சொல்ல வீட்டில் யாருக்கும் வாய் வரவில்லை.

விஷயம் என்னவென்றால், அவளுக்குக் கரும்பலகையே தெரியவில்லை. அது அவளுக்கே தெரியாது. எல்லோருக்கும் உலகம் இப்படி மங்கலாகத்தான் இருக்கும் என்று நினைத்திருக்கிறாள், பாவம். கடைசிப் பரீட்சைக்குக் கொஞ்சம் முன்னால், கடைக்கு வந்த ஒரு மேஜையின் இழுப்பறையில் யாரோ விட்டுப்போன மூக்குக்கண்ணாடி கிடந்தது. விளையாட்டாக எடுத்து மாட்டினாள்.

"எதிர்க்கடை போர்டை இங்கேயிருந்தே படிக்க முடியுதேப்பா" என்றாள்.

அன்றைக்கே அவர் அவளைக் கண் பரிசோதித்துக் கண்ணாடி வாங்கக் கூட்டிப்போனார். பரிசோதித்த பெண் ஒவ்வொரு கண்ணாடி வில்லையாக மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, இதுவா" என்று பொறுமையாகக் கேட்டாள். மகள் வெளியே வரும்போதே முடிவு செய்துவிட்டாள், படித்தால் கண் பரிசோதிக்கிற அந்தப் படிப்புதான். அவள் மார்க்குக்கு எந்தக் கல்லூரியும் எட்டிக்கூடப் பார்க்காது. ஒரே ஒரு கல்லூரியில் மட்டும் மார்க் குறைந்தவர்களுக்கென்று சில இடங்கள் வைத்திருந்தார்கள். முதல்வர் நேரில் பேசிப் பார்த்து, உண்மையான ஆர்வம் இருக்கிறவர்களை எடுத்துக்கொள்வார். பெற்றோரும் கூட வரலாம்.

"என்னங்க, அங்கே போய் உங்க வியாபார மூஞ்சியைக் காட்டாதீங்க. அவளைப் பேச விடுங்க" என்று மனைவி படித்துப் படித்துச் சொன்னாள்.

"எனக்குத் தெரியாதா" என்றார் அவர். அந்த மனிதருக்கு ஒரு மண்ணும் தெரியவில்லை. பேருந்தில் உட்கார்ந்ததுமே ஆரம்பித்துவிட்டார்.

"இங்க பாரு கண்ணு. வேணும் வேணும்னு நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்காதே. நமக்கு ஆசைன்னு தெரிஞ்சா தலைமேல ஏறி உக்காந்துப்பாங்க. அப்புறம், அந்தக் கண்ணு கதையெல்லாம் எடுக்காதே. கீறல் இருக்கிற பக்கத்தைச் சுவரோரமாத்தான் திருப்பி வைக்கணும்."

"அதைத்தாம்பா சொல்லலாம்னு இருந்தேன்."

"சொன்னா? பார்வை இல்லாத பொண்ணு கண்ணுக்குப் படிக்க வந்திருக்கான்னு சிரிப்பாங்க."

அவள் சரியென்று தலையாட்டினாள். பிறந்ததிலிருந்து அப்பா பேரம் பேசி ஜெயித்ததைத்தானே பார்த்திருக்கிறாள்.

முதல்வர் வயதான பெண்மணி. முகத்தைப் பார்த்தாலே நல்லவர் என்று தெரிந்தது. "மார்க்கைப் பத்திக் கவலைப்படாதேம்மா. அதுக்குத்தான் இந்த இடமே இருக்கு. இந்தப் படிப்பு உனக்கு ஏன் வேணும், அதை மட்டும் சொல்லு" என்றார்.

மகள் அப்பாவைப் பார்த்தாள். அவர் புருவத்தை லேசாக உயர்த்தினார்.

"வேணும்னு ஒண்ணும் இல்லை" என்றாள் மகள். "கிடைச்சா பாக்கலாம்."

அச்சு அசல் அவர் குரல். பாவி மனிதர், உள்ளுக்குள் பூரித்துப்போனார்.

"பள்ளிக்கூடத்துல ஏதாவது கஷ்டம் இருந்துதா? வீட்டுல?"

"ஒண்ணும் இல்லை."

முதல்வர் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இவர் பக்கம் திரும்பி, "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்றார்.

"இன்னும் ஒண்ணு ரெண்டு காலேஜ் பாக்க வேண்டியிருக்கு. வரோம்மா" என்று எழுந்தார் இவர். வேறு கல்லூரி எங்கே இருந்தது? வாசலைப் பார்த்து மெதுவாக நடந்தார். வாசலருகே செருப்பு வாரைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்து கொஞ்சம் நின்றார்.

"சரி, போயிட்டு வாங்க" என்றார் முதல்வர்.

வெளியே இன்னொரு பெண்ணும் அவள் அம்மாவும் காத்திருந்தார்கள். அந்த அம்மா உள்ளே போகும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். இவருக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது, வியாபாரம் தெரியாதவள்.

"கூப்பிடலையேப்பா" என்றாள் மகள்.

"கூப்பிடுவாங்க. இரு."

நடையிலேயே நின்றார்கள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள், அவள் அம்மா இன்னும் அழுதுகொண்டிருந்தாள். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மகளை அங்கேயே விட்டுவிட்டு உள்ளே ஓடினார்.

"அம்மா, எங்களுக்கு வேணும். ரொம்ப வேணும்மா." வாங்கப் போன இடத்தில் வாழ்நாளில் அவர் சொல்லாத வார்த்தை அது. கரும்பலகை, இழுப்பறையில் கிடந்த கண்ணாடி, எதிர்க்கடை போர்டு, எல்லாவற்றையும் கொட்டினார். பேச வேண்டாம் என்று தான்தான் அவள் வாயைக் கட்டினதையும் சொன்னார்.

முதல்வர் கன்னத்தில் கைவைத்தபடி கேட்டார். "இதை அவளே சொல்லியிருந்தா நான் யோசிச்சிருக்கவே மாட்டேன். கடைசி இடம் அது. இப்போ போன பொண்ணுக்குக் கொடுத்துட்டேன்."

"அடுத்த வருஷம்?"

"அடுத்த வருஷத்துலேர்ந்து இந்த இடங்களே கிடையாது. நிறுத்தச் சொல்லிட்டாங்க."

இவர் அந்த முகத்தைத் துருவித் துருவிப் பார்த்தார். அதில் பேரம் எதுவும் இல்லை.

திரும்பும்போது பேருந்தில் மகள் கண்ணாடியைக் கழற்றி உறையில் போட்டுவிட்டு, வெறும் கண்ணால் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டில் "நான்தான் கெடுத்தேன்" என்றார். மனைவி திட்டவில்லை. திட்டித் தொலைத்திருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

மகள் கடையில் உட்கார ஆரம்பித்தாள். தொழில் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. சாமான் விற்க வருகிறவர்கள் அவள் முகத்தைப் பார்த்தே விலையை இறக்கினார்கள். சந்தையில் அவளைச் சின்ன உம்மணாமூஞ்சி என்றார்கள். அதைக் கேட்டு அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு நாள் கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில், மனதுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்ததைக் கேட்டேவிட்டார். "கண்ணு, மறுபடி பரீட்சை எழுதி மார்க்கைக் கூட்டிக்கலாம். எவ்வளவு நாள் ஆனாலும் சரி, கடையை நான் பாத்துக்கறேன். உனக்கு அது இன்னும் வேணும்தானே?"

அவள் ஒரு நாற்காலியின் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"வேணும்னு ஒண்ணும் இல்லைப்பா. கிடைச்சா பாக்கலாம்."

எத்தனையோ பேர் முகத்தைப் படித்துப் பிழைத்தவர், மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஆசை செத்துப்போச்சா, இல்லை உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறாளா, அவருக்குப் பிடிபடவில்லை. அப்படிப் பூட்டச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தானே.

"சரி, கிடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வாசலைப் பார்த்து நடந்தார். மெதுவாகத்தான் நடந்தார். வாசலருகே குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தார். பின்னால் துணியால் மரத்தைத் தேய்க்கிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.