நாலாவது வளையம்

கினிக்கோழியின் மூச்சுக்குழலைச் சாமணத்தால் தூக்கிப் பிடித்து, “இதோட மேல் முனை எங்கம்மா?” என்று என் ஆய்வு வழிகாட்டி டாக்டர் புனிதா கேட்டபோதுதான், இரண்டு வருடமாக நான் செய்துவந்த முட்டாள்தனம் எனக்கே தெரிந்தது. ஆய்வுக்கூடத்தில் ஏர்கோன் பதினெட்டு டிகிரியில் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு வியர்த்தது.

கோழி, கினிக்கோழி, காடை ஆகிய கோழிக் குடும்பப் பறவைகளின் மூச்சுக்குழலையும் குரலுறுப்பையும் ஒப்பிடுவதுதான் என் ஆய்வு. குழல் எவ்வளவு நீளம், அதில் எத்தனை வளையம், அது குரலை எப்படி மாற்றுகிறது என்று அறுபத்திரண்டு பறவைகளை அளந்து அழகாக அட்டவணை போட்டிருந்தேன். அத்தனையும் கிள்ளான் பாசாரில், சந்தைக் கோழிக்கடையில் வேலை செய்யும் நிஜாம் அண்ணன் அறுத்துக் கொடுத்தவை. ஹலால் முறையில் கழுத்தை அறுக்கும்போது மூச்சுக்குழலும் அறுபடும். மேல் துண்டு தலையோடு போய்விடும். நான் முழு நீளம் என்று எழுதியதெல்லாம் மீதித் துண்டின் நீளம்.

“திங்கக்கிழமைக்குள்ள இதுக்கு ஒரு பதில் கொண்டு வா அனுப்பிரியா. இல்லன்னா மறுபடியும் மொதல்ல இருந்துதான்,” என்றார் புனிதா. திட்டியிருந்தாலாவது பரவாயில்லை. பாவம் பார்த்துச் சொன்னார், அதுதான் தாங்கவில்லை.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் பாசாரில் இருந்தேன். நிஜாம் அண்ணன் ராமநாதபுரத்துக்காரர். வேலை பர்மிட்டில் வந்து ஒன்பது வருடம் ஆகிறது. பழியைப் போட எனக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. அவர்தான் கையில் கத்தியோடு நின்றுகொண்டிருந்தார்.

“ஏன் அண்ணே டியூபையும் சேத்து வெட்டுனீங்க? என் தீசிஸே போச்சு லா.”

“அறுக்காம எப்படி தங்கச்சி? அது அறுபட்டாத்தானே ஹலாலு.” கத்தியைத் துடைத்தார். “மொத நாளு தலையோடதான் கட்டிக் குடுத்தேன். கண்ணு முழிச்சுப் பாக்குது, தலை வேணாம்னு நீதானே சொன்ன.”

உண்மைதான். எங்கள் வீட்டுக்குக் கோழி எப்போதும் துண்டு துண்டாகத்தான் வரும். அன்று எனக்கு நானே ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டேன். மனிதனுக்குக் குரல் தொண்டையில். பறவைக்கோ நெஞ்சுக்குள், மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் இடத்தில். அதை நிஜாம் அண்ணனே காட்டியிருந்தார். தலை போன சேவலின் நெஞ்சை அழுத்தினார். அறுபட்ட குழல் வழியே அது கத்தியது. அப்புறம் தலை எதற்கு என்று விட்டுவிட்டேன். படித்த திமிர்.

காடைக் கூண்டுகளுக்குப் பக்கத்தில் நின்று வெட்கமில்லாமல் அழுதேன்.

“இங்க பாரு,” என்றார் அவர். “தொண்டையில முடிச்சு ஒண்ணு இருக்கும்ல, அது தலையோட நிக்கணும். அதுக்குக் கீழ ஒரே எடத்துலதான் என் கத்தி எறங்கும். மாறாது.”

“எப்படி அண்ணே அவ்ளோ ஷுவரா சொல்றீங்க?”

“வாளியில தலை கெடக்கு. எண்ணிப் பாரேன்.”

கண்களைப் பார்க்காமல் ஒரு தலையை எடுத்தேன். கோழி. முடிச்சுக்குக் கீழே நாலு வளையம். அடுத்ததும் நாலு. கினிக்கோழி, நாலு. காடைக்குப் பூதக்கண்ணாடி தேவைப்பட்டது: ஆறு. அடுத்த காடையும் ஆறு. இருபதாவது தலையில் புரிந்தது: ஒவ்வோர் இனத்திலும் விடுபட்டது ஒரே எண்ணிக்கை வளையம்தான், அதை அளந்து கூட்டிக்கொள்ளலாம். கோழி வாங்க வந்த ஆன்டி ஒருவர், “என்னம்மா, கோழித் தலைக்கு ஜோசியமா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

பத்தரை மணிக்குள் எண்பத்து நாலு தலை. மூன்று கோழிகளுக்கு மட்டும் ஐந்து வளையம். அந்த மூன்றையும் அவரிடம் நீட்டினேன். ஒரு பார்வைதான் பார்த்தார்.

“இது என் அறுப்பு இல்ல. நான் தே தாரிக் குடிக்கப் போனப்ப பக்கத்துக் கடைக்காரரு அறுத்தது. உன் கோழிய நான் யார்கிட்டயும் விட்டதே இல்ல.”

பக்கத்துக் கடைக்காரர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். எனக்கு அந்தக் கடைக்காரரைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது.

திங்கட்கிழமை ஒரு ஐஸ்பெட்டி நிறையத் தலைகளோடு துறைக்குள் நுழைந்தேன். புனிதா கண்ணை மூடிக்கொண்டு பத்துத் தலைகளை எடுத்து, அவரே எண்ணினார். பத்தும் சரி. விடுபட்ட துண்டுகளின் நீளத்தைக் கூட்டியபோது ஒவ்வொரு குழலும் சில மில்லிமீட்டர் வளர்ந்தது. என் ஆய்வின் முடிவு அசையவில்லை.

“நம்ம லேப்ல யாரும் இப்படி வெட்ட மாட்டாங்க,” என்றார். “சப்மிட் பண்ணு. அவர் பேரும் அதுல வரணும்.”

அவர் பெயரைச் சேர்த்த பக்கத்தை அச்செடுத்து மறுநாள் காலையே கிள்ளானுக்குப் போனேன். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னேன்: எல்லாப் பறவைகளும் திரு. நிஜாம் அவர்களால் அறுக்கப்பட்டவை. கோழியும் கினிக்கோழியும் நாலாவது வளையத்துக்குக் கீழே, காடை ஆறாவதுக்குக் கீழே.

“இன்னொரு தடவ படி,” என்றார். “கொஞ்சம் சத்தமா. அவருக்கும் கேக்கட்டும்.”

பக்கத்துக் கடைக்குக் கேட்கும்படி படித்தேன். நிஜாம் அண்ணன் கையைக் கழுவி, துடைத்து, தாளை வாங்கி விலைப்பலகைக்கு மேலிருந்த ஆணியில் மாட்டினார். பிறகு சற்றுமுன் அறுத்த சேவலைத் தூக்கி, என்னைப் பார்த்துக்கொண்டே அதன் நெஞ்சை ஓர் அழுத்து அழுத்தினார். தலையில்லாத சேவல் கத்தியது. கூண்டுகளில் இருந்த கினிக்கோழிகளும் காடைகளும் ஒன்றுவிடாமல் பதிலுக்குக் கத்தத் தொடங்கின.